ஆளில்லாத ரோட்டில் பிரேக் லைட்

இல்லீங்கக்கா, சன்னல் சீட்ட மட்டும் கேக்காதீங்க. கேக்கலைங்கறீங்க, சேரி, ஆனா நீங்க ஏறுனதுல இருந்து இந்தப் பக்கமேதான பாக்கறீங்க. இது நான் ஷாலப் போட்டுப் புடிச்ச எடம். பொள்ளாச்சி ஸ்டாண்டுக்குள்ள பஸ்ஸு திரும்பறப்பவே கூட ஓடி, சன்னல் கம்பி வழியா வீசுனனுங்க. யாரையும் இடிக்கல, யார்கிட்டயும் கெஞ்சல. ஓடிப் புடிச்சது. சீட்டுதான் சரியில்ல, அடியில என்னமோ உறுத்துது. ஸ்பிரிங் வெளிய வந்துருச்சோ என்னமோ. பரவால்லீங்க, ஜெயிச்ச எடம், உறுத்துனாலும் உக்காந்துக்குவேன்.

எங்க வேலைன்னு கேட்டீங்களே. கோயமுத்தூர்ல, பீளமேட்டுப் பக்கம். போன்ல வெளையாடற கேம் செய்யற கம்பெனி. சிரிங்க, சிரிங்க, எங்கம்மாவும் இப்படித்தான் சிரிப்பாங்க. அதுல என்ற வேலை எதிராளி செய்யறது. புரியலைங்களா? நீங்க ஒத்தையில உக்காந்து போன்ல ரேஸ் ஓட்டறீங்க. கூட யாருமில்ல. அப்ப உங்களுக்குப் போட்டிக்கு யாராச்சும் வேணுமில்லீங்க, அது கம்ப்யூட்டரு. அந்தக் கம்ப்யூட்டர் எப்படி ஓட்டோணும், எங்க தப்புப் பண்ணோணும், எதுக்குக் கோவப்படோணும், அத்தனையும் எழுதறது நானு. என்ற பேரு சிவரஞ்சனி. கேமுல கடைசில பேரு ஓடும், பாருங்க. வந்தா பாருங்க. இன்னைக்கு மத்தியானம் வெளிய விடறாங்க. நான் வாயத் தொறக்காம இருந்தா வரும்.

அதச் சொல்றேன், இருங்க. மொதல்ல ஆட்டத்தச் சொல்றேன்.

எங்க ஆட்டத்துல காரு, பைக்கு எல்லாம் கெடையாதுங்க. பஸ்ஸு. பிரைவேட் பஸ்ஸு. இதே பொள்ளாச்சி ரோடுதான். நீங்க ஒரு பஸ்ஸு ஓட்டறீங்க, கூட நாலு பஸ்ஸு ஓடுது. உக்கடத்துக்கு யாரு மொதல்ல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க, ஆனா வழியில இத்தன பேருன்னு ஏத்தியே ஆகோணும். நாலு வண்டியும் என்ற புள்ளைங்கன்னு வெச்சுக்கங்களேன். செவ்வந்தின்னு ஒண்ணு, வேகத்தடையக் கண்டா அதுக்குப் பயம், ஊர்ந்து ஊர்ந்து ஏறும், ஆனா ஒரு ஸ்டாப்ப விடாது. பட்டாசுன்னு ஒண்ணு, பின்னால நின்னு ஆரன் அடிச்சீங்கன்னா அதுக்குக் கோவம் வந்துரும், கோவத்துல ரெண்டு ஸ்டாப்ப நிக்காமப் போயிரும். ராஜகாளி வளைவுல ஒழுங்கா வராது. நாலாவதுதான் கருடன். கருடன் தப்பே பண்ணாது. ஒண்ணே ஒண்ணு, கை காட்டுன எல்லாரையும் ஏத்தும். மூட்டையோட வர்றவங்கள, ஆட்டுக்குட்டியோட வர்றவங்கள, தூரத்துல ஓடியாறவங்களக்கூட நின்னு ஏத்தும். கருடன ஜெயிக்கோணும்னா அந்த எடத்துலதான் ஜெயிக்கோணும். வேற வழியே வெக்கலைங்க நான்.

இதுல எனக்கும் எங்க மொதலாளிக்கும் சண்டை. நவநீதன்னு பேரு, நல்ல மனுசந்தான், அப்பா மோட்டார் பம்பு செஞ்சு சேத்தி வெச்சத மகன் இதுல போட்டிருக்கறாரு. அவரு சொல்றாரு, "ரஞ்சனி, ரப்பர் பேண்டு போடு."

ரப்பர் பேண்டுன்னா எங்க தொழில்ல ஒரு சோலிங்க. நீங்க பின்தங்கிட்டீங்கன்னு வைங்க, முன்னால போற கம்ப்யூட்டர் வண்டி தானா மெதுவாயிரும். உங்களுக்குத் தெரியாது. நீங்க என்னமோ உங்க சாமர்த்தியத்துல எட்டிப் புடிச்சதா நெனச்சுக்குவீங்க. கடைசில அரை வண்டி தூரத்துல உங்கள ஜெயிக்க வெச்சிரும். நீங்களும் குதிப்பீங்க. எல்லாக் கேம்லயும் இருக்குதுன்னு சொல்றாரு. இருக்கட்டுமே. ஊர்ல எல்லாரும் பண்ணுனா நானும் பண்ணோணுமா?

"மொத ஆட்டத்துல தோத்தா அவன் நம்மள போன்ல இருந்து அழிச்சிருவான்"னாரு. அவரு சொல்றதும் பொய்யில்லைங்க. அவங்க ஒறம்பரைல ஒரு கல்யாணம், அங்க மண்டபத்துலயே நாலஞ்சு போனக் குடுத்து எல்லாரையும் ஓட்டச் சொன்னாரு. அத்தன பேரும் தோத்தாங்க. அவங்க பெரியப்பா, பெரிய மில்லுக்காரரு, மூணு தடவ செவ்வந்திகிட்டயே தோத்துப்போட்டு, "இது ரிப்பேரு போனு"ன்னு திருப்பிக் குடுத்துட்டுப் பந்திக்குப் போயிட்டாரு. செவ்வந்திகிட்டக்கா. வேகத்தடைக்குப் பயப்படறதுகிட்ட.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? தோக்கட்டும்ன்னு சொன்னேன். தோத்தவன் மறுக்கா வந்து ஜெயிச்சான்னா அது அவன்து. நான் தட்டுல வெச்சுக் குடுத்தா அது என்ற பிச்சை. எனக்கு இதுல கோவம் வரும்ங்க. வேற எதுலயும் வராது, இதுல வரும்.

ஏன்னா நான் உப்புக்குச் சப்பாணியா இருந்தவ. அந்தப் பேச்சு உங்க பக்கமும் உண்டுதானுங்க? ஆட்டத்துல இருப்போம், கணக்குல இருக்க மாட்டோம். தொட்டாலும் அவுட் இல்ல, விட்டாலும் ஓட்டம் இல்ல. என்ற அண்ணன், பெரியப்பா பசங்க ரெண்டு பேரு, எல்லாரும் சைக்கிள் எடுத்துக்கிட்டுத் தண்ணித் தொட்டில இருந்து ரேஷன் கடை வரைக்கும் ரேஸு போவாங்க. நான் கடைசிப் புள்ள, ஒரே பொம்பளப் புள்ள. என்னைய சப்பாணியாத்தான் சேத்திருக்கறாங்கன்னு எனக்கு மட்டும் தெரியாது. வீட்டுக்கு யாராச்சும் வந்திருந்தா நாந்தான் ஜெயிப்பேன். வந்தவங்கெல்லாம் கன்னத்தக் கிள்ளுவாங்க. எனக்கு அப்படி ஒரு பெருமை. பள்ளிக்கூடத்துலகூட சொல்லிக்குவேன், என்ற அண்ணனவிட நான் வேகம்னு.

ஒரு நாளு எங்க சித்தி வந்திருந்தாங்க. நான் முன்னால போறேன். ரேஷன் கடைக்கு முன்னால ஒரு மேடு. நான் எந்திரிச்சு நின்னு மிதிக்கறேன், பின்னால கிறீச்சு கிறீச்சுன்னு சத்தம். பிரேக்கு. மூணு சைக்கிள்லயும் பிரேக்கு. மேட்டுல ஏறறப்ப எவனாச்சும் பிரேக் போடுவானுங்களாக்கா? என்ற அண்ணன் மெதுவாச் சொல்றான், "புடிச்சுக்கடா, பாப்பா போகட்டும்." அவ்வளவுதான். அங்கயே சைக்கிளப் போட்டுட்டு நடந்து வந்தேன். எதுக்குடி அழுவறேன்னு சித்தி கேட்டாங்க. ஜெயிச்சதுக்குன்னு சொன்னேன். இன்னைக்கும் எங்க வீட்ல அதச் சொல்லிச் சிரிப்பாங்க.

நான் சிரிக்கலைங்க.

இதா, பாத்தீங்களா, அந்த நீல வண்டி முந்திட்டான். ஏன் முந்துனான்? நம்ம வண்டி கோவில்பாளையத்துல நின்னு ஆள் ஏத்துச்சு. அடுத்த ஸ்டாப்புல அவன் நிப்பான், ஏன்னா இப்ப அவந்தான் முன்னால, நிக்கற ஜனமெல்லாம் அவனுக்குத்தான் கை காட்டும். நாம காலி ஸ்டாப்ப தாண்டிப் போயிருவோம். பாருங்க, கெணத்துக்கடவு போறதுக்குள்ள மறுக்கா நாம முன்னால. இதத்தான் நான் ஆட்டத்துல வெச்சேன். முன்னால போறவனுக்குத்தான் கூட்டம், கூட்டம் ஏறுனா நேரம் போகும், பின்னால வர்றவனுக்கு அதுல ஒரு வாய்ப்பு. யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்கல. ரோடே அப்படி. இத நான் தெனமும் இந்தப் பஸ்ஸுல உக்காந்து உக்காந்து கண்டுபுடிச்சேன், எவனும் சொல்லித்தரல. ரப்பர் பேண்டே வேண்டாம், ஆளுங்கள ஏத்துனாப் போதும். ஆனா புடிக்கறதுக்கு ஆடறவன் கொஞ்சம் யோசிக்கோணும். எந்த ஸ்டாப்ப விடலாம், எதுல நிக்கலாம்னு. ரெண்டு நாளு தோத்தா தானா வந்துரும்.

ரெண்டு நாளு தோக்க எவன் இருக்கறான்னு கேட்டாரு மொதலாளி. கேட்டுட்டு, ரப்பர் பேண்டையும் எழுதி வை, எதுக்கும் இருக்கட்டும்னாரு. சம்பளம் குடுக்கறவரு, எழுதி வெச்சேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல, எங்களுக்கு மட்டும் தெரியற எடத்துல ஒரு பொத்தான். அமுக்குனா நாலு வண்டியும் விட்டுக்குடுக்கும். அந்தப் பொத்தானுக்கு நான் என்ன பேரு வெச்சேன்னு நெனைக்கறீங்க? சப்பாணி. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கறதுக்கு வெக்கல.

அப்பறம் போன வாரம் பெரிய பேச்சாயிருச்சு. மீட்டிங்ல எல்லாரு முன்னாலயும் கேட்டாரு, "கருடன ஜெயிக்கலாம், ஜெயிக்கலாங்கறயே, நீ ஒரு தடவயாச்சும் ஜெயிச்சிருக்கறயா?" இல்லீங்க. நான் ஜெயிச்சதே இல்ல. அது எனக்குப் பெருமைதான், நான் செஞ்சது என்னையே தோக்கடிக்குதுன்னு. ஆனா அப்படிக் கேட்டா என்ன சொல்றது? ஜெயிப்பேன்னேன். சனிக்கிழம எல்லாரும் பாக்க ஓட்டு, ஜெயிச்சா ரப்பர் பேண்டு வேண்டாம், தோத்தா சப்பாணிதான்னாரு. ஆகட்டும்னேன். கை குடுத்துக்கிட்டோம்.

சனிக்கிழமைக்கு ஆபீஸே கூடிருச்சு. என்ற போன எடுத்துப் பெரிய டிவில மாட்டி விட்டது ஸ்டீபன் அண்ணன். அவருதான் எங்களுக்குப் படம் வரையறவரு. பஸ்ஸு, புளியமரம், டீக்கடை, ஏறற ஜனங்க மொகம் அத்தனையும் அவரு கை. எனக்கு மூத்தவரு. எப்பவும் ரஞ்சனிம்மான்னுதான் கூப்புடுவாரு. மொதலாளியோட சண்டை போட்டுட்டு வந்தா எனக்கு டீ வாங்கிக் குடுக்கறவரு.

ஓட்டுனேன் பாருங்க. கருடன் முன்னால, நான் பின்னால. தாமரைக்குளத்துல நான் நிக்கல, கெணத்துக்கடவுல நின்னேன், ஒத்தக்கால்மண்டபத்துல கருடன் மூட்டைக்காரங்களுக்கு நின்னுச்சு, அங்க ஒட்டிட்டேன். சுந்தராபுரம் தாண்டி உக்கடத்துக்குள்ள போறப்ப பம்பர் தூரம். பம்பர் தூரத்துல ஜெயிச்சேன்க்கா. அத்தன பேரும் கத்தறாங்க. மொதலாளி எந்திரிச்சு வந்து, "சேரி, நீ சொன்னதே சேரி"ன்னாரு. அந்த மனுசன் வாயில இருந்து. வீட்டுக்குப் போறப்ப இதே ரோட்டுல பஸ்ஸுல எனக்கு சிரிப்பு அடங்கல. பக்கத்துல இருந்தவங்க நகந்து உக்காந்தாங்க.

நேத்து ஞாயித்துக்கெழம. அந்த ஆட்டத்த மறுக்கா பாக்கலாம்னு ஆசை. ஓடுனதெல்லாம் பதிவாகியிருக்கும்ங்க. சாப்ட்டுப்போட்டு படுத்துக்கிட்டுப் பாக்கறேன். ஒரு தடவ பாத்தேன். ரெண்டாந் தடவ பாக்கறப்ப, மலுமிச்சம்பட்டி தாண்டி நேர் ரோடு இருக்குதில்லீங்க, அங்க கருடனோட பின்னால செவப்பு லைட்டு எரியுது. பிரேக் லைட்டு. நிறுத்திப் பாக்கறேன். ஸ்டாப்பு இல்ல. வேகத்தடை இல்ல. கை காட்ட ஆளில்ல. வெறும் ரோடு. வெறும் ரோட்டுல கருடன் பிரேக் போடுது.

கருடன நான் செஞ்சேன்க்கா. அது எதுக்கு நிக்கும், எதுக்கு நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?

ஸ்டீபன் அண்ணனுக்குப் போன் போட்டேன். மறைக்கல அவரு. "ரஞ்சனிம்மா, ஆறு மாசமா நீ சண்டை போட்டுச் சண்டை போட்டு அழுதத நாந்தான பாத்தேன். மனசு கேக்கல. மலுமிச்சம்பட்டிக்கு அப்பறம்தான் சப்பாணியப் போட்டு விட்டேன். அதுக்கு முன்னால ஓட்டுனதெல்லாம் நீதான். எப்படியும் நீதான் ஜெயிச்சிருப்பே"ங்கறாரு. ஜெயிச்சிருப்பேனா? யாருக்குத் தெரியும்? எனக்குக் கோவமே அங்கதான். தோத்திருந்தா தோத்தேன்னு தெரிஞ்சிருக்கும். ஜெயிச்சிருந்தா ஜெயிச்சேன்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டையும் புடுங்கிட்டாரு. என்ன கத்து கத்துனேன்னு எனக்கே ஞாபகமில்ல. எங்கம்மா பயந்து கதவச் சாத்திட்டாங்க.

இப்பச் சொல்லுங்க. நான் போயி மொதலாளிகிட்டச் சொல்லோணுமா?

சொல்லக் கூடாது. ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். நான் என்ன ஏமாத்துனனா? நான் நேர்மையாத்தான ஓட்டுனேன், பொத்தான அமுக்குனது அவரு. நான் சொன்னா என்ன ஆகும்? மொதலாளி சப்பாணியப் போட்டுருவாரு. இந்த ஆட்டத்த எத்தன ஆயிரம் பேரு ஆடுவாங்களோ, அத்தன பேரையும் சப்பாணி ஆக்கிருவாரு. அதுக்கு நான் ஒருத்தி சப்பாணியா இருந்துட்டுப் போறேன். மேட்டுல பிரேக் போட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்டாப் போதும். மத்தவங்களாச்சும் நெசமா ஜெயிக்கட்டும். இது தப்பா? தப்பில்ல. நான் கம்முனு போயி உக்காந்துக்குவேன், மத்தியானம் கேமு வெளிய போயிரும், அதுக்கப்பறம் எவன் என்ன கேக்கப் போறான். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொல்ல மாட்டீங்க, மொகத்தப் பாத்தாலே தெரியுது.

என்னுங்க, எந்திரிக்கறீங்க? ஈச்சனாரியா? இப்பத்தான மலுமிச்சம்பட்டி தாண்டுது. இருங்க, நான் காலத் தள்ளிக்கறேன்.

என்ன எடுக்கோணும்? எனக்கடியிலயா?

இருங்க. இதென்னது? கர்ச்சீப்பு. இதுலதான் என்னமோ முடிஞ்சிருக்குது. சாவி. அடேங்கப்பா, இதுதான் பொள்ளாச்சில இருந்து உறுத்துச்சு. வீட்டுச் சாவிங்களா? கனமா இருந்தாத்தான் சன்னல் வழியா வீசறப்ப சரியா விழும்னு முடிஞ்சு போடுவீங்களா. நல்ல யோசனைதான்.

சித்த இருங்க. இது என்ற ஷாலுக்கு அடியில கெடக்குது.

அடியில கெடக்குதுன்னா, நீங்க மொதல்ல போட்டிருக்கறீங்க. நான் அது மேல போட்டிருக்கறேன். நான் பாக்கவே இல்ல. ஏறுன வேகத்துல உக்காந்துட்டேன். நீங்க வந்து பாத்தீங்க, உங்க சீட்டுல நான் உக்காந்திருக்கறேன், நான் வேற ஓடிப் புடிச்சேன், ஓடிப் புடிச்சேன்னு சொல்லிக்கிட்டு. ஒரு வார்த்தை சொல்லலைங்களே நீங்க.

"போகுது, புள்ள ஆசையா உக்காந்திருக்குது"ன்னு விட்டுட்டீங்களா?

அக்கா, நான் இத்தன நேரம் யார்கிட்ட என்ன பேசிக்கிட்டு வந்தேன்? நீங்களும் தலையத் தலைய ஆட்டிக்கிட்டு வந்தீங்களே. தலைய ஆட்டறப்ப உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா? இல்லீங்க, உங்க மேல கோவமில்ல. கோவந்தான். உங்க மேலயும் கோவந்தான். எல்லாரும் சேந்து எனக்கு விட்டுக்குடுத்துக்கிட்டே இருக்கறீங்க. நான் என்ன கேட்டனா? என்ற மொகத்துல எழுதி ஒட்டியிருக்குதா?

நகருங்க. இல்ல, எறங்கறதுக்கில்ல. இந்தப் பக்கம் வாங்க. சன்னல்ல உக்காருங்க. ஈச்சனாரி வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. ஒரு ஸ்டாப்பா இருந்தா என்னுங்க, உங்க சீட்டு, உக்காருங்க. கண்டக்டர் அண்ணா, சித்த இருங்க, எடம் மாறிக்கறோம். நீங்க பொறவு மொறைங்க. உக்காருங்கக்கா, நான் நின்னுக்கறேன். எனக்கு ஒரு போன் பேசோணும்.

அலோ. சார், வணக்கம், சிவரஞ்சனி. பஸ்ஸுலதான் இருக்கறேன். சார், சனிக்கிழம ஆட்டம் செல்லாது. ஆமாங்க, நான் ஜெயிச்சது. செல்லாதுன்னு சொல்றேன். கடைசில சப்பாணி போட்டிருந்துச்சு. யாரு போட்டா என்னுங்க சார், அத நான் சொல்ல மாட்டேன். நான் போடல. நேத்து பாத்தேன். நேத்தே ஏன் சொல்லலைன்னா, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இப்பச் சொல்றேன்.

இல்லீங்க சார், மத்தியானத்துக்கு வெளிய விட வேண்டாம். நான் வந்து மறுக்கா ஓட்டறேன். போன டிவில நானே மாட்டிக்கறேன். நீங்க பக்கத்துலயே உக்காருங்க, அந்தப் பொத்தான் மேல உங்க கண்ண வெச்சுக்கங்க.

தோத்தாலா? தோத்தா உங்க ரப்பர் பேண்ட போட்டுக்கங்க. கை குடுத்ததுதான, மாற மாட்டேன். ஆனா ஒண்ணு சார். அந்தப் பொத்தான உள்ள ஒளிச்சு வெக்க மாட்டேன். ஆடறவங்க கண்ணுல படற எடத்துல வெப்பேன். "விட்டுக்குடு"ன்னு தமிழ்ல பெருசா எழுதுவேன். வேணும்ங்கறவங்க அவங்களே அமுக்கிக்கட்டும். தெரிஞ்சு வாங்கிக்கட்டும். அதுக்கு நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நான் ஓட்டுவேன், இல்லீன்னா கருடன் எப்படி ஓடுதுன்னு நீங்களே உக்காந்து எழுதிக்கங்க. கத்தாதீங்க சார், பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க. நேர்ல வந்து பேசறேன். வெச்சர்றேன்.

என்னுங்கக்கா அப்படிப் பாக்கறீங்க? வேலை போயிருமா? போனாப் போகுது. போகாது. கருடன அவரு எழுத முடியாது.

காத்து வருதுங்களா? சன்னல நல்லாத் தொறந்துக்கங்க. உங்க காத்துதானுங்க அது.

ஈச்சனாரி வந்துருச்சு. சாவிய எடுத்துக்கங்க, கர்ச்சீப்பையும் எடுத்துக்கங்க. நாளைக்கும் இதே வண்டிக்குத்தான வருவீங்க? வாங்க. நானும் சாவிய முடிஞ்சு வெச்சுக்கறேன். யாருது மொதல்ல விழுதுன்னு பாத்துக்கலாம். ஆனா சொல்லிட்டேன், நாளைக்கு என்னையப் பாத்து மெதுவா மட்டும் ஓடாதீங்க.